அறுபது கவடு

05.03.2018 திங்கள்

புதுவருடத்துக்கு அலுவலகத்தில் தந்த டயறி இது. இரண்டு மாதமாக மகள் ஆரணி இதில் பூனை கீறிக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு நல்ல தாள் எதற்கு என்று இன்று பறித்துவிட்டேன். அழுதாள். பூனைப் பக்கங்களைக் கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

எங்கள் மிதிவெடி அகற்றும் வேலைத்தளத்துக்குப் பொறுப்பானவர் யோகன் அண்ணை. இன்றும் கேட்டார். "வதனி, அடுத்த மாசம் ஒரு குழுத்தலைவி எடுக்கினம். உன்ரை பேரைக் குடுக்கட்டோ? எழுத்து வேலைதான் கொஞ்சம் கூட."

"எனக்கு எழுத்து வராது அண்ணை" என்றேன். எட்டு வருடமாக இதைத்தான் சொல்கிறேன். நாள்முடிவுப் படிவத்தைக்கூட எனக்காகக் கூட வேலைசெய்யும் கலிஸ்ராதான் நிரப்புவாள். எழுத்து வராதவள் டயறி எழுதுகிறாள் என்று தெரிந்தால் என்னை வைத்து ஒரு மாதம் பகிடி விடுவாள். அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தால் ஒருவரும் காணமாட்டார்கள். புதைக்கிறதில் எனக்குக் குறைவில்லை.

இன்று மெசின் பதினேழு தரம் கத்தியது. பதினொன்று துவக்குச் சன்னக் கோது, நான்கு முள்ளுக்கம்பி, ஒரு தேக்கரண்டி, ஒரு இடுப்புப்பட்டிக் கொளுக்கி. மிதிவெடி இல்லை.

06.03.2018 செவ்வாய்

நாங்கள் நிற்பது முகமாலையில், ஒரு பழைய கிணற்றைச் சுற்றியுள்ள காணியில். காலை ஆறரைக்கு மெசினைச் சோதித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். தலைக் கிளிப்பைக்கூடக் கழற்றவேண்டும். பிறகு ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் குந்தியிருந்து, மெசினை ஆட்டி, சத்தம் வந்தால் சுரண்டியால் மண்ணை விலக்கிப் பார்க்கவேண்டும். ஆணி என்று நிச்சயமாகத் தெரிந்தாலும் வெடி என்று நினைத்துத்தான் தோண்டவேண்டும். அதுதான் சட்டம்.

கூடாரத்துக்குள் பலகையில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. தை மாதம் ஒரு காவலரணுக்குள், பொலித்தீன் சுற்றிக் குழாய்க்குள் கிடைத்த கொப்பித் தாளின் போட்டோப் பிரதி. இயக்கத்தில் மிதிவெடி புதைத்த அணி கீறியது. கிணறு. அதிலிருந்து தெற்கே ஓர் அம்பு. அம்புக்குப் பக்கத்தில் 'அறுபது கவடு'. பிறகு ஒரே வரியில் இருபது புள்ளி. மூலையில் ஒரு சின்னக் குறி. அவ்வளவுதான் படம்.

ஒரு கால் வைத்து மறுகால் எட்டி வைக்கும் தூரம் ஒரு கவடு. அலுவலகத்தில் அதை எழுபத்தைந்து சென்ரிமீற்றர் என்று கணக்குப் போட்டார்கள். ஆகவே கிணற்றிலிருந்து நாற்பத்தைந்து மீற்றர். அதற்கும் மேலே ஐந்து மீற்றர் கூட்டி, ஐம்பதாவது மீற்றரில் எல்லைக் கட்டை நட்டார்கள். அதுவரை கிளறிவிட்டோம். இயக்கத்தின் மிதிவெடிக்குப் பாவிக்கிற பழைய பற்றறி மூன்று வந்தது, வெடி வரவில்லை. ஆமி ஏற்கனவே எடுத்திருக்கும் என்று அறிக்கை போய்விட்டது. கட்டைக்கு அப்பால் சந்தேகமில்லாத நிலம் என்று சொல்லி, போன மாதமே சொந்தக்காரரிடம் கொடுத்தாயிற்று.

இனிக் கிணற்றுக்கு மேற்கே ஒரு துண்டு மட்டும்தான். மாதக் கடைசியில் அதுவும் முடிந்துவிடும்.

படத்தைக் கீறினவளின் எழுத்து வடிவாக இல்லை. அவசரத்தில் எழுதியிருக்கிறாள்.

08.03.2018 வியாழன்

மகளிர் தினமாம். கொழும்பிலிருந்து இரண்டு பேர் கமராவோடு வந்தார்கள். கேக் வெட்டினோம். முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுச் சிரிக்கச் சொன்னார்கள். "பல்லுத் தெரியச் சிரிச்சா வெடி பயந்து ஓடுமோ தம்பி?" என்று கலிஸ்ரா கேட்டாள். அவன் அதையும் எழுதிக்கொண்டான்.

நான் அந்த நேரம் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன். படம் எடுக்கும் இடங்களில் எனக்கு எப்போதும் தண்ணீர்த் தாகம்.

கட்டைக்கு அப்பால் காணிக்காரர் கந்தவனம் ஐயா வந்து நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும். பதினெட்டு வருடம் பருத்தித்துறைப் பக்கம் முகாமில் கிடந்து திரும்பி வந்திருக்கிறார்கள், அவரும் மனைவி இராசமலர் அம்மாவும். காணியின் தெற்கு மூலையில் தகரக் கொட்டில் போட்டு இருக்கிறார்கள். ஆடு மூன்று. தினமும் பத்து மணிக்கு இடைவேளை விசில் ஊதியதும் ஐயா கேத்தலில் தேத்தண்ணீர் கொண்டு வருவார். கட்டையைத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டார். கையை மட்டும் நீட்டுவார்.

"பிள்ளையள் துப்புரவாக்கித் தந்த காணி. இண்டைக்குத்தான் கத்தியெடுத்தனான். கொட்டிலடியிலையிருந்து இந்தக் கட்டை மட்டும் பத்தையை வெட்டி வெளிக்கச் செய்துபோட்டனெண்டா, வைகாசிக்குள்ளை அத்திவாரம் போட்டிடுவன்."

"எந்த இடத்திலை ஐயா வீடு?" என்று கலிஸ்ரா கேட்டாள்.

"பழைய வீடு நிண்ட இடத்திலைதான். உந்தா, உந்த நாகதாளி நிக்குதெல்லே, அதடியிலை."

அந்த நாகதாளிக் கள்ளி கட்டையிலிருந்து ஐந்து மீற்றர்கூட இல்லை. தேத்தண்ணீரில் சீனி கூடிவிட்டது.

10.03.2018 சனி

அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்து இரண்டு வாளி உடுப்புத் தோய்த்தேன். என் மனுசன் நேசன் மேசன் வேலைக்குப் போய்விட்டார். ஆரணியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு நடந்தேன். என்னோடு சேர்ந்து நடக்க அவள் நடுவில் நடுவில் ஒரு ஓட்டம் ஓடவேண்டியிருக்கிறது. "அம்மா, ஆறுதலா நடவுங்கோ" என்று சிணுங்கினாள்.

எனக்குத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. அவளுக்குப் பக்கத்தில் நடந்தால் நானும் இப்படித்தான். அவளுடைய ஐந்து கவடு என்னுடைய ஆறு.

பருப்பு, சவர்க்காரம், ஆரணிக்கு ஒரு கீறல் கொப்பி வாங்கினேன். இனி டயறியைக் கேட்கமாட்டாள்.

12.03.2018 திங்கள்

கந்தவனம் ஐயா நாளுக்கு மூன்று நான்கு மீற்றர் வெட்டுகிறார். அந்த வயதில் அது பெரிய வேலை. கொட்டிலடியிலிருந்து கட்டை வரை நாற்பது மீற்றர் பற்றை. ஈச்சம் பற்றை, நாயுண்ணி, நாகதாளி. இன்றைக்குப் பதினைந்து முடிந்திருக்கும்.

நான் என் வேலையைப் பார்க்காமல் இதை ஏன் கணக்குப் பார்க்கிறேன்?

சத்தம் ஒன்பது. எல்லாம் கோது. கலிஸ்ராவின் பாதையில் ஒரு ஆமித் தண்ணீர்ப் போத்தல் வந்தது. அடியில் ஆணியால் சிங்களத்தில் பெயர் கீறியிருந்தது. அதைத் துடைத்து மேசையில் வைத்து, "இதைப் போலை ஒண்டு எங்கடை தம்பியின்ரையும் ஆற்றையோ மேசையிலை இருக்குமென்ன" என்றாள். அவளுடைய தம்பி போனது இரண்டாயிரத்து எட்டில்.

பகல் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

13.03.2018 செவ்வாய்

யோகன் அண்ணையிடம் கேட்டுவிட்டேன். "அண்ணை, கட்டைக்கு அங்காலை இன்னும் பத்து மீற்றர் பாத்தா என்ன?"

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மாவெண்டு நான் அறிக்கையிலை எழுதேலாது பிள்ளை. காணி குடுத்தாச்சு. திருப்பி எடுக்கிறதெண்டா ஒரு காரணம் வேணும். ஏதும் கண்டனியோ?"

"இல்லை."

"ஆரும் சொன்னவையோ?"

"இல்லை அண்ணை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வெயிலுக்குள் நின்று மண்டை காய்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார். குளிர்ந்த தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

14.03.2018 புதன்

படத்தில் இருப்பது என்னுடைய எழுத்து.

15.03.2018 வியாழன்

எழுதிவிட்டேன், வானம் இடிந்து விழவில்லை. மிச்சத்தையும் எழுதுகிறேன்.

மிதிவெடி அணியில் நான் மூன்று வருடம் இருந்தேன். பதினேழு வயதில் போனது. அருள்மதி எங்கள் அணிக்குப் பொறுப்பு. அந்த நெட்டைச்சி அவள்தான். கொப்பியும் பேனையும் என் கையில் இருக்கும். அளவு நாடா அறுந்துபோன பிறகு நடந்துதான் அளப்போம். அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. படம் கீறுகிறவளின் காலால்தான் அளக்கவேண்டும். வேறொருத்தி நடந்தாலும், எழுதும்போது எழுதுகிறவளின் கவட்டுக்கு மாற்றித்தான் எழுதவேண்டும். படத்தின் மூலையில் அவளுடைய குறி இருக்கும். பிறகு வெடி எடுக்கப் போகிறவர்கள் அந்தக் குறியைப் பார்த்து, யாருடைய கால் என்று தெரிந்துகொள்வார்கள்.

அந்தக் கிணற்றடியில் அளந்த அன்று என் குதிக்காலில் ஈச்ச முள் ஏறியிருந்தது. காலை ஊன்றமுடியவில்லை. அருள்மதி நடந்தாள். நான் கிணற்றுக் கட்டில் இருந்து எண்ணினேன். அறுபது. ஷெல் கிட்டக் கிட்ட விழத் தொடங்கிவிட்டது. "உன்ரை காலுக்கு மாத்தி எழுதடி" என்று அங்கிருந்தே கத்தினாள். அவளுடைய அறுபது என்னுடைய எழுபத்திரண்டு. நான் அறுபது என்று எழுதி, மூலையில் என் குறியையும் போட்டுவிட்டேன். பிறகு திருத்தலாம் என்று நினைத்தேன். அன்று பின்னேரமே அந்த இடத்தை விட்டுப் பின்வாங்கினோம்.

அலுவலகம் கணக்குப் போட்ட எழுபத்தைந்து சென்ரிமீற்றர்தான் என் கவடும்; எழுபத்திரண்டு கவடு என்றால் ஐம்பத்து நான்கு மீற்றர். கட்டை நிற்பது ஐம்பதில்.

நாற்பத்தைந்தில் ஒன்றும் வராதபோதே எனக்குத் தெரியும். பற்றறி மூன்று வந்ததும், ஆமி எடுத்துவிட்டது என்று எல்லாரையும்விட நான்தான் விரும்பி நம்பினேன். அந்தப் பற்றறி அங்கே எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். பழுதானவற்றை நான்தான் எறிந்தேன்.

16.03.2018 வெள்ளி

நேசனிடம் சொன்னேன். அவர் வேலையால் வந்த நேரம், ஆரணி அயல்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் சாந்து பூசிய கையோடு அப்படியே நின்றார்.

எங்கள் கலியாணமே ஒரு பொய்யில் தொடங்கியது. இரண்டாயிரத்து ஒன்பதில், சோதனைச் சாவடி வரிசையில், ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. இயக்கத்தில் ஒரு நாளென்றாலும் இருந்தவர்கள் வந்து பதியுங்கள், பதிந்தால் விட்டுவிடுவோம் என்று. அருள்மதி என் காதுக்குள், "இந்த உயரத்தை நான் எங்கையடி ஒளிக்கிறது? நீ சின்னன், சனத்துக்குள்ளை நில்லு" என்றாள். எழும்பி மேசைக்கு நடந்தாள். இருபத்தாறு கவடு. எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. பெயர் எழுதினாள், பின்னால் நின்ற பஸ்ஸில் ஏறினாள். அதற்குப் பிறகு அவளைக் கண்ட ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. ஒரு சிப்பாய் என்னைப் பார்த்து நின்றபோது, முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவர், "இவ என்ரை மனுசி" என்றார். அவர்தான் நேசன். அதை உண்மையாக்க ஒரு வருடம் எடுத்தது.

"உனக்கு விசரோ?" என்றார் இன்று. "ஒம்பது வருசம். நீயும் பதியேல்லை, நானும் பொய் சொன்னனான். இப்ப போய்ச் சொன்னா வேலை போகும், அதுக்குப் பிறகு ஆக்கள் வருவினம். ஆரணிக்கு என்ன சொல்லப்போறாய்?"

"அந்தாள் காலை வைச்சா?"

"பத்து வருசம் மண்ணுக்கை கிடந்த மரப்பெட்டி. உக்கிப்போயிருக்கும்."

"பெட்டி உக்கும். மருந்து உக்காது நேசன்."

அவர் கையைக் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். எனக்கு அவரில் கோபமில்லை. எனக்கும் அதே பயம்தான். மேசைக்கு நடந்து போனவள் திரும்பவில்லை என்ற பயம்.

பெயர் போடாமல் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். என் எழுத்துத்தான் பலகையில் தொங்குகிறதே.

17.03.2018 சனி

ஒரு வழி கண்டுபிடித்தேன். பத்து மணித் தேத்தண்ணீரின்போது கந்தவனம் ஐயாவிடம் சொன்னேன். "ஐயா, கவனம். கட்டையடிப் பத்தைக்குள்ளை நேற்று ஒரு புடையன் பாம்பு கண்டனான். இந்த மொத்தம். ஒண்டில்லை, சோடி."

"உண்மையாவோ பிள்ளை?"

"என்ரை கண்ணாலை. நாகதாளிக்கு இஞ்சாலை வராதேங்கோ. மழை வந்தாத் தன்பாட்டிலை போயிடும்."

இராசமலர் அம்மாவும் கேட்டுக்கொண்டு நின்றார். முகம் வெளிறிவிட்டது. கிணற்றுக்கு அவர் வருகிற வண்டில் பாதை அந்தப் பற்றையின் ஓரத்தால்தான். அவருடைய தமக்கை பாம்பு கடித்துச் செத்தவராம். "நல்ல வேளை சொன்னாய் ராசாத்தி" என்று கட்டைக்கு மேலால் எட்டி என் கன்னத்தைத் தடவினார்.

ஐயா கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்னும் பத்து மீற்றர்தான் மிச்சம் இருந்தது. மழைக்கு ஐப்பசி வரையாவது பொறுக்கவேண்டும். அதற்குள் ஏதாவது யோசிக்கலாம்.

பல நாளுக்குப் பிறகு இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

19.03.2018 திங்கள்

ஐயா பற்றைப் பக்கம் வரவில்லை. ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு திரிந்தார். இராசமலர் அம்மா நீளமான தடியொன்றால் நிலத்தைத் தட்டித் தட்டிக் கிணற்றுக்கு வந்து போனார். கலிஸ்ரா அதைப் பார்த்து, "அம்மாவும் எங்களோடை வேலைக்கு வரலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

சத்தம் ஆறு.

20.03.2018 செவ்வாய்

பாம்பென்று சொன்னால் மனிதர் பற்றையை எரிப்பார்கள். இது எனக்கு ஏன் தெரியாமல் போனது?

21.03.2018 புதன்

நேற்று அந்த ஒரு வரிக்குமேல் எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை எட்டரை இருக்கும். காற்றில்லாத நேரம் பார்த்து ஐயா பற்றைக்கு நெருப்பு வைத்திருக்கிறார். நான் மேற்குத் துண்டில் முழங்காலில் இருந்தேன். புகை மணத்ததும் நிமிர்ந்து பார்த்தேன். நாகதாளியடியில் நெருப்பு நின்றது. நெருப்பு எங்கள் பக்கம் பாய்ந்துவிடக் கூடாது என்று, ஐயா பச்சைக் கொப்பொன்றால் கட்டையோரம் அடித்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று.

நான் கத்தினேன். முகக்கவசத்துக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கும்? எழும்பி ஓட ஏலாது. இரண்டு பக்கமும் கிளறாத நிலம், வந்த பாதையால் பின்பக்கமாகத்தான் போகலாம். முதலாவது நெருப்பின் சூட்டில் வெடித்தது. அதில் அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. பயந்து, எரிந்து முடிந்த பற்றைக்குள்ளால் கொட்டில் பக்கம் திரும்பி நாலைந்து அடி ஓடினார். இரண்டாவதை மிதித்தார்.

யோகன் அண்ணையும் மருத்துவப் பிள்ளையும் மெசினோடு பாதை பார்த்துப் பார்த்துப் போய் அவரை எடுக்கப் பதினான்கு நிமிடம். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மயங்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது யோகன் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பிள்ளையளிலை பிழையில்லை. நெருப்பு வைச்சது என்ரை பிழை. பிள்ளை சொன்னது, நாகதாளிக்கு இஞ்சாலை வரவேண்டாமெண்டு."

இராசமலர் அம்மா ஒரு கையில் தடியோடும் மற்றக் கையில் கேத்தலோடும் வண்டிக்குப் பின்னால் ஓடினார்.

22.03.2018 வியாழன்

அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஆமி எடுக்கும்போது தவறவிட்ட ஒன்றிரண்டாக இருக்கும் என்றார்கள். வெடித்த இடத்தைச் சுற்றி ஐந்து மீற்றர் மட்டும் கிளறச் சொல்லி உத்தரவு. வரிசையின் மற்றப் பக்கம் இன்னும் இருபது மீற்றருக்குமேல் போகிறது என்று எனக்கு மட்டும் தெரியும். முதற்பாதை கலிஸ்ராவுக்கு. அவள் கவசத்தைக் கட்டிவிட்டு, தம்பியின் படம் வைத்த சின்ன உறையை வழமைபோல் என்னிடம் தந்தாள். "பிடியடி. வந்து வாங்கிறன்."

அவள் போக இருந்த பாதை எரிந்த பற்றைக்குள், சந்தேகமில்லாத நிலம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்த நிலத்துக்கு மேலால், மெசின் பிடிக்காமலே நடக்கும்படி கீறப்பட்டிருந்தது.

"அண்ணை, அவளை விடாதேங்கோ" என்றேன். "அது ஒண்டிரண்டில்லை. இன்னும் பதினெட்டுக் கிடக்குது. அந்தப் படம் கீறினது நான்."

யோகன் அண்ணை சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து நீட்டினார். "எழுது." படிவத்தின் பின்பக்கத்தில் அறுபது கவடு என்று எழுதினேன். பலகையில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கதிரையில் இருந்துவிட்டார்.

"எட்டு வருசமா எழுத்து வராதெண்டனி."

கிணற்றடிக்குப் போனேன். எல்லாரும் பின்னால் வந்தார்கள். தெற்கே பார்த்து நடந்தேன், என்னுடைய காலால். அறுபத்தாறாவது கவட்டில் கட்டை வந்துவிட்டது. "இன்னும் ஆறு" என்றேன். அலுவலகத்துக்காரர் ஒருவர் நாடாவை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். ஐம்பத்து நான்காவது மீற்றர் சரியாக ஐயா காலை வைத்த குழிக்கு நேரே போய் நின்றது.

கலிஸ்ரா உறையை என் கையிலிருந்து இழுத்து எடுத்தாள். "நான் உள்ளுக்கை போயிருந்தாச் சொல்லியிருப்பியோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அவர் போகேக்கை சொல்லேல்லையே" என்றாள்.

 

27.03.2018 செவ்வாய்

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யோகன் அண்ணை ரெலிபோன் எடுத்துச் சொன்னார். பதினெட்டும் வந்துவிட்டது. ஒரே வரியில், படத்தில் உள்ளது மாதிரியே. பெட்டிகள் உக்கிப் போயிருந்தன, மருந்து அப்படியே. பழுதில்லாத வேலை செய்திருக்கிறோம்.

நேற்றுச் சீருடையில்லாத இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். என் பெயர், இயக்கப் பெயர், எந்த வருடம், வேறு யார் யார். அருள்மதியின் பெயரைச் சொன்னேன். அவள் உங்களிடம்தான் பதிந்தவள், கண்டால் சொல்லுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள். வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வரச்சொல்லிவிட்டுப் போனார்கள். நேசன் அவர்கள் போகும்வரை என் பக்கத்திலேயே நின்றார். "நானும் வாறன். வரிசையிலை பொய் சொன்னது நான்தானே" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது, எனக்கு அது போதும்.

28.03.2018 புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாட்டில் ஆறாவது கட்டில். இராசமலர் அம்மா இல்லை. பகலில் ஆடுகளைப் பார்க்கக் காணிக்குப் போய்விட்டு, பின்னேரம்தான் வருவாராம். கந்தவனம் ஐயா சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பி, முள், அருள்மதியின் கால், திருத்தாமல் விட்டது.

"அப்ப அந்த வெடியள் கிடக்கிறது உனக்கு எப்பத் தொடக்கம் தெரியும்?"

"படம் கிடைச்ச நாளிலையிருந்து. தை மாசம்."

"தினமும் தேத்தண்ணி வாங்கிக் குடிச்சனி."

"ஓம் ஐயா."

"பாம்பு?"

"பொய்."

பக்கத்துக் கட்டில்காரரின் ரேடியோவில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. ஐயா போர்வையை இழுத்து, கால் இல்லாத இடத்தைச் சரியாக மூடினார். திட்டுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு உன்னோடை கதைக்க இப்ப ஒண்டுமில்லை" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வாசலடிக்குப் போன பிறகு கூப்பிட்டார். "பிள்ளை, ஒண்டு செய். அங்கை பாம்பில்லையெண்டு என்ரை மனுசியிட்டைச் சொல்லு. நெருப்புக்கு வெளிக்கிட்டு எங்கை ஒளிச்சுக் கிடக்குதோ எண்டு அவள் இப்பவும் தடியோடைதான் கிணத்தடிக்குப் போறாள். தனிய நிக்கிறவள். பயத்திலை சரியா நித்திரையும் இல்லை."

29.03.2018 வியாழன்

காலை ஆறரை. ஒன்பதுக்குப் போகவேண்டும். அடையாள அட்டை, கலியாணப் பதிவு, ஆரணியின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு பையில் வைத்திருக்கிறேன். ஆரணியைப் பள்ளிக்கூடத்தில் விடவும் பின்னேரம் கூட்டிவரவும் அயல்வீட்டு அக்காவிடம் சொல்லியாயிற்று. நான் வர நேரம் சென்றால் இரவு அங்கேயே படுப்பாள். இந்த டயறியை அவளிடமே கொடுத்துவிடலாம் என்று யோசித்தேன். பெரியவளானதும் வாசிக்கட்டும். இப்போதைக்கு மிச்சப் பக்கங்களில் பூனை கீறட்டும்.

ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் முகமாலையில் இறங்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறலாம். நேசன் வெளிக்கிட்டுவிட்டார்.

முதலில் இராசமலர் அம்மாவிடம் போய்ப் பாம்பில்லை என்று சொல்லவேண்டும்.